உங்கள் மச்சான் இன்னும் போன் பண்ணவில்லை

என்னைத் திட்டுவதற்குக்கூட வாய் வராத என் வீட்டுக்காரருக்கு,

நல்லா இருக்கிறீர்களா என்று கேட்டுத்தான் கடுதாசியை ஆரம்பிக்க வேண்டும். போய்ச் சேர்ந்த மனுசனிடம் அதை எப்படிக் கேட்பது என்று பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். என் சாமான் சீட்டைப் பார்த்துவிட்டு மளிகைக்கடைக்காரர், "இதை எழுதுன ஆளையே அனுப்பி வைங்க, வந்து படிச்சுக் காட்டட்டும்" என்று உங்களைத் திருப்பி அனுப்பினாரே, அதே கையெழுத்துதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பெண் பவித்ரா கல்யாணம் முடிந்துவிட்டது. உங்கள் மச்சான் வந்தார், போனார். ரயில் ஏறிப் போனவரிடமிருந்து இன்னும் போன் வரவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடுதாசி. கை சும்மா இருந்தால் நடுங்குகிறது. பேனாவைப் பிடித்தால் கொஞ்சம் அடங்குகிறது.

லீவு முடிந்து திரும்பிப் போனதும் ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவாரே, நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று உங்களுக்குத் தெரிவதற்கு? நீங்கள் போன பிறகும் அவர் அதை நிறுத்தவில்லை. நானும் உங்கள் போனை அணைக்கவில்லை. சார்ஜ் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சாமிக்கு விளக்கேற்ற மறந்த நாள் உண்டு, அதற்கு சார்ஜ் போட மறந்த நாள் இல்லை. இந்நேரம் அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. மலைமேல் டவர் இல்லையா? வண்டி தாமதமா? இல்லை, ஆபீசர் முன்னால் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறாரா? உங்கள் தம்பி சொன்னதைச் செய்தே விட்டாரா?

இது உங்களுக்கு எழுதுகிற கடுதாசிதான். ஆனால் நீங்கள் இருக்கிற இடத்துக்குத் தபால்காரர் வரமாட்டார். நாலு பேர் கண்ணில் பட்டுத்தான் உங்களிடம் வந்து சேரும். அதனால் உங்கள் மச்சான் பேரை எழுத மாட்டேன். எந்த ஊர், எந்தப் படை என்பதையும் எழுத மாட்டேன். நம் பெண் பேரையும் கொழுந்தன் பேரையும்கூட மாற்றித்தான் போட்டிருக்கிறேன். நான் அண்ணன் என்றும் நீங்கள் மச்சான் என்றும் கூப்பிட்ட ஒருவர். வீட்டில் கன்னடம் பேசுகிற மனுசர். இன்னும் உடுப்பில் இருக்கிறார், பென்சன் வாங்கக் கொஞ்ச மாதம்தான் பாக்கி. இவ்வளவு போதும்.

பவித்ரா கைக்குழந்தையாக இருந்தபோது அவர் முதல்முதலாக நம் வீட்டுக்கு வந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் லீவு. அன்று காலையிலிருந்தே நீங்கள் நிலைகொள்ளவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூடக் கசங்கின சட்டையில் வந்த மனுசன், அன்று கட்டில்மேல் போர்வையை விரித்துச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"என்னாங்க, உங்களை மாப்பிள்ளை பாக்க வராங்களா? பவுடர் கிவுடர் போட்டு வுடட்டுமா?"

எப்போதும் சிரித்துவிட்டுப் போகிறவர் அன்று சிரிக்கவில்லை. உங்கள் முகத்தில் ரத்தமே இல்லை. பெட்டியை எடுக்க மறந்து அப்படியே நின்றீர்கள். சட்டை கருகி வீடெல்லாம் வாசம் வந்தது. நான் ஓடிவந்து பெட்டியைத் தூக்கினேன். இரண்டு பேரும் ஓட்டை விழுந்த அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். சும்மா கிண்டலுக்கு விட்டெறிந்த கல் எங்கே போய் விழுந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

மத்தியானம் அவர் வந்தார். கோழி அடித்துக் களி கிண்டி வைத்திருந்தேன். நான் பரிமாறினேன். தன் தட்டில் விழுந்த ஈரலை அவர் பேச்சு வாக்கிலேயே எடுத்து உங்கள் தட்டில் வைத்தார். நீங்களும் அதைப் பார்க்காமலே எடுத்துச் சாப்பிட்டீர்கள். உங்களுக்கு ஈரல் பிடிக்கும் என்று கட்டிக்கொண்டு வந்த எனக்கு அதுவரை தெரியாது. வலிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். கொல்லைப் பக்கம் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் அழுதுவிட்டு வந்தேன். அந்த மாடு வயிறு வெடிக்கிற மாதிரி தண்ணி குடித்தது.

என்னைக் கட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று உங்களைக் கேட்க ஆசைதான். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? ஓடியிருப்பேனா, ஊரைக் கூட்டியிருப்பேனா? தெரியவில்லை. நீங்கள் என்னை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. என் சாமந்திக் கொல்லையில் எனக்கு முன்னால் இறங்கிப் பூப் பறித்தீர்கள். நான் பேசுகிற பேச்சுக்கெல்லாம் சிரித்தீர்கள். நம் தெருவில் எத்தனை பேருக்கு அது கிடைத்தது? ஆனாலும் அந்த ஈரல் ஞாபகம் வந்தால் இன்றைக்கும் நெஞ்சில் சுருக்கென்கிறது.

அப்புறம்தான் குழந்தைக்குக் காதுகுத்து வந்தது. மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. என் சித்தப்பா மகனைக் கூப்பிடலாம் என்று நீங்கள் சொன்னபோது நான் கேட்டேன், "உங்க ஃப்ரண்டை நான் அண்ணன்னு கூப்பிட்டா அவரு கோவிச்சுக்குவாரா?"

வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். தோள் மட்டும் குலுங்கியது.

பொண்டாட்டிக்கு அண்ணன் என்றால் உங்களுக்கு மச்சான். மச்சான் எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம், தோளில் கை போடலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே கட்டிலில் படுத்துக் கதை பேசலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நம் முறையில் அவருக்கு இருந்த ஒரே இடம் அதுதான். அதை என்னால்தான் கொடுக்க முடியும். கொடுத்தேன். முனியப்பன் கோயிலில் பவித்ராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்துப் பெரியவர் ஒருத்தர், "அவரு என்னா ஆளுங்க?" என்று என்னிடம் கேட்டார். "பட்டாளத்து ஆளுங்க" என்றேன். காது குத்தினபோது குழந்தையைவிட அண்ணன்தான் அதிகமாக அழுதார்.

அன்றிலிருந்து அவர் உங்களைக் கூப்பிடுவது "பாவா". என்னைக் கூப்பிடுவது "தங்கி". அவர்கள் பாஷையில் அதுதான் முறை. எனக்கு அண்ணன் கிடைத்தார், உங்களுக்கு மச்சான் கிடைத்தார். லாபம் யாருக்கு என்று கேட்டு உங்களை எத்தனை தடவை வம்புக்கு இழுத்திருக்கிறேன்!

இன்னும் பட்டாளத்தில் இருக்கலாம் என்று மேலதிகாரிகள் சொன்னபோதும் நீங்கள் ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். "போதும் புள்ள, வந்துட்டன்" என்றீர்கள். என்மேல் இருக்கிற ஆசையில் வேலையை விட்டு வந்துவிட்டார் என்று பூ மார்க்கெட் வரைக்கும் போய்ப் பீற்றிக்கொண்டேன். உண்மை என்னவென்று நீங்கள் போன பிறகு அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது.

உங்கள் படையில் உங்களைப் போலவே வேறு இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்களாமே. எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, எல்லார் கண்ணுக்கு முன்னாலும் அந்த இரண்டு பேருடைய பெல்ட்டைக் கழற்றி வாங்கினார்களாமே. "பாவா என் பக்கத்துலதான் நின்னாரு, தங்கி. என் பக்கம் திரும்பவே இல்ல. அவரு மூச்சு மட்டும் கேட்டுச்சு. மறுநாளே போய் வூட்டுக்குப் போறன்னு எழுதிக் குடுத்துட்டாரு. ரெண்டு பேரும் இருந்தா ரெண்டு பேரும் போவோம், ஒருத்தன் போனா ஒருத்தன் இருக்கலாம்னாரு." பனிமலையில் உங்கள் கால் விறைத்துப்போனபோது தன் சட்டையைத் தூக்கி வயிற்றில் உங்கள் பாதத்தை வைத்துச் சூடேற்றினாராமே, அதையும் அன்றுதான் சொன்னார். கால் கட்டைவிரலில் நகம் ஏன் இல்லை என்று கேட்டதற்கு எலி கடித்துவிட்டது என்று என்னிடம் கதை விட்டீர்களே, திருடரே!

இனிமேல் அது குற்றமில்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டதாக டிவியில் செய்தி வந்த நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. களியைப் பிட்ட கை தட்டிலேயே காய்ந்து போயிற்று. நான், "என்னாங்க, கை காயுது" என்றேன். நீங்கள் எழுந்து போய் அண்ணனுக்குப் போன் போட்டீர்கள். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. "வெளியில மாறிடுச்சு புள்ள. அங்க அப்படியேதான் இருக்குது" என்றீர்கள். எங்கே, எது என்று நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. நாம் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசின ஒரே பேச்சு அதுதான்.

இப்போது உங்கள் சாவுக்கு வருகிறேன். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள், அவ்வளவுதான். ஒரு கிண்டலுக்குக்கூட நேரம் கொடுக்கவில்லை. உங்களை எடுத்த பிறகுதான் அண்ணனால் வந்து சேர முடிந்தது. கூடப்பிறந்த அண்ணன் செத்துப்போனதாகச் சொல்லி லீவு வாங்கினாராம். மச்சான் என்றால் விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம். அங்கே ஒரு முறை, இங்கே ஒரு முறை. பாவம், அவரே குழம்பிப்போனார்.

காரியத்தன்று ஏரிக்கரையில் பங்காளிகள் எல்லாரும் தலை மழிக்க வரிசையாக உட்கார்ந்தார்கள். உங்கள் தம்பி சின்னசாமி முதல் ஆள். தீட்டு பங்காளிக்குத்தான். மாமன் மச்சானுக்குத் தீட்டும் இல்லை, மொட்டையும் இல்லை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அண்ணன் பேசாமல் போய் அந்த வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

சவரம் பண்ணுகிறவரே கத்தியை நிறுத்திவிட்டார். "நீங்க மச்சான் முறைதானுங்களே? உங்களுக்கு எதுக்குங்க?"

"எடுங்க" என்றார் அண்ணன். தலையைக் குனிந்தார். தலைமுடி போயிற்று. அவ்வளவு ஆசையாக முறுக்கி வளர்த்த மீசையும் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் எனக்குக் கோடிப் புடவை போடுகிற நேரம் வந்தது. "பொறந்த வூட்டுக் கோடி எங்க?" என்று குரல் கொடுத்தார்கள். எனக்கு யார் இருக்கிறார்கள்? ஈரத் தலையோடு அண்ணன்தான் புடவையை எடுத்துக்கொண்டு வந்தார். மொட்டைத் தலையோடு கோடி கொண்டுவந்த மச்சானை நம் ஊர் அதுவரை பார்த்ததில்லை. பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். அவர் புடவையை என் தோளில் போட்டார். நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் சின்னசாமி நின்றுகொண்டிருந்தார். அந்த மொட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அன்று கருகின சட்டையைப் பார்த்த பார்வை அது.

வருசம் திரும்பியது. அரூர்ப் பக்கம் நல்ல இடம் அமைந்தது. பையனுக்கு ஓசூரில் வேலை, பவித்ரா வேலை பார்க்கும் இடத்துக்கும் பக்கம். பந்தலுக்குச் சொல்லிவிட்டு வந்த அன்று சின்னசாமி வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணி, பொண்ணு நெத்திக்குத் தாய்மாமன் கட்டற பட்டத்தை என் மச்சினன் கட்டட்டும். அந்தாளு வரக்கூடாது."

"எந்தாளு?"

"உங்களுக்குத் தெரியும் எந்தாளுன்னு. எனக்கும் தெரியும். பந்தல்ல அந்தாளு கால் வச்சா, அவரோட மேலதிகாரிக்கு நானே எழுதிப் போடுவன். எங்க அண்ணன் பேரு போனாலும் பரவால்ல."

என் வாயில் எப்போதும் ஏதாவது ஒரு கிண்டல் தயாராக இருக்கும் என்பீர்களே. அன்று ஒன்றுமே வரவில்லை. வாசலில் அவர் செருப்பை மாட்டுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் மூச்சிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"நான் வரலை, தங்கி. எனக்காகச் சொல்லலை. பாவா எதுக்காகப் பட்டாளத்தை வுட்டாரோ அது வீணாப் போயிடும். கொழந்தை பேரும் கெட்டுடும். சீரு மட்டும் அனுப்பிடறன்."

"சீரு வந்து பட்டம் கட்டுமா அண்ணா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டேன்.

"நீங்க வரலைன்னா எம்பொண்ணு நெத்தி வெறுசாத்தான் இருக்கும். வேற யாரு கையும் அதுல படாது. அப்புறம் உங்க இஷ்டம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு பயம் பிடித்துக்கொண்டது. நான் யார் அவரை வரச் சொல்ல? வந்து அவருக்கு ஏதாவது ஆனால்? இத்தனை வருசம் நீங்கள் மறைத்துக் காப்பாற்றினதை என் பிடிவாதம் ஒரே நாளில் கொட்டிக் கவிழ்த்துவிட்டால்? சம்பந்தி வீட்டிலிருந்து வேறு, "தாய்மாமன் எப்ப வராருங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வருவார் என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பவித்ரா என் முகத்தையே பார்த்தாள். அவளுக்குத் தெரியுமா? "மாமா வராம நான் மணவறையில உக்கார மாட்டன்மா" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. இந்த வீட்டில் யாரும் யாரையும் எதையும் கேட்பதில்லையே.

மனசு தாங்காமல் சின்னசாமி வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குச் சோளத் தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கொழுந்தனாரே, ஒரு சந்தேகம். அன்னிக்கு ஏரிக்கரையில என் தோள்ல வுழுந்த கோடி, அது யாரு வூட்டுக் கோடி?"

அவர் நிமிரவில்லை.

"பொறந்த வூட்டுக் கோடின்னு நீங்கதான குரல் குடுத்தீங்க? அவரு எனக்கு அண்ணன் இல்லைன்னா அது பொறந்த வூட்டுக் கோடி இல்லை. உங்க அண்ணனுக்குக் காரியமே ஒழுங்கா முடியலைன்னு அர்த்தம். வாங்க, பந்தல்காரரை அனுப்பிட்டு ஏரிக்கரைக்குப் போலாம். மறுபடியும் எல்லாரையும் கூப்பிட்டுக் காரியத்தைச் செஞ்சுட்டு அப்புறம் கல்யாணத்தைப் பாப்போம்."

"விளையாடாதீங்க, அண்ணி."

"நான் விளையாடலை. நீங்க எழுதிப் போட்டா நானும் அங்க வந்து நிப்பன். அவரு எங்க அண்ணன்தான்னு சொல்லுவன். கோடி போட்ட அண்ணன்னு சொல்லுவன்."

அவர் அரிவாளைக் கீழே போட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். கோபத்தில்தான் என்று நினைத்தேன். "எங்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?" என்று துண்டுக்குள்ளிருந்து கேட்டார். "ஒரே வயித்துல பொறந்தவன் நான். ஒரே கட்டில்ல படுத்து வளந்தவன். அவருக்கு மொட்டை போட எனக்குத்தான உரிமை? அந்தாளு வந்து என் பக்கத்துல உக்காந்தப்பதான எனக்குத் தெரிஞ்சுது, எங்க அண்ணனை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு."

"சொல்லியிருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

எழுதமாட்டேன் என்றும் சொல்லவில்லை, எழுதுவேன் என்றும் சொல்லவில்லை. தட்டை எடுத்து மறுபடி அறுக்க ஆரம்பித்தார். நான் வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் பந்தல் நிறைந்துவிட்டது. நம் கொல்லைச் சாமந்திதான் வாசல் முழுக்க. நான் முன்னால் போய் நிற்கக்கூடாது என்பதால் சமையல் கொட்டகை ஓரமாக நின்றேன். அங்கே வாழையிலையைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்தால், அண்ணன்! மீசை பழையபடி முளைத்திருந்தது. எப்போது வந்தாரோ, யாருக்கும் தெரியாமல் பின்வழியாக வந்து வேலையில் இறங்கிவிட்டார்.

"வந்துட்டன், தங்கி. முன்னாடி வரமாட்டன். இங்கருந்தே பாத்துக்கறன். பொண்ணு நெத்தியை வெறுசா வுடாத" என்றார். எனக்குச் சந்தோசப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. சின்னசாமி பந்தலில் கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தார். அவர் மச்சினன் பட்டுச் சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

ஐயர் கூப்பிட்டார். "பொண்ணுக்குத் தாய்மாமன் வாங்க, பட்டம் கட்டணும்."

முதல் வரிசையில் மச்சினன் எழுந்தான். பவித்ரா தலையைக் குனியவில்லை. மாமன் வந்ததை எப்போது கண்டாளோ, நேராகச் சமையல் கொட்டகையைப் பார்த்தாள். அவள் பார்க்கிற திசையில் எல்லாரும் திரும்பினார்கள். சம்பந்தியம்மா, "என்னாங்க, யாரு மாமன்?" என்று பக்கத்தில் கேட்டது இங்கே வரைக்கும் கேட்டது. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அண்ணன் கையில் ஒரு வாழையிலை அப்படியே நின்றது. நான் உங்களைத்தான் நினைத்தேன். வரிசையில் நின்றபோது உங்கள் மூச்சு அவருக்குக் கேட்டதாமே. அவர் மூச்சு எனக்குக் கேட்டது.

அப்போது சின்னசாமி தொண்டையைச் செருமினார்.

"யோவ் மச்சான்!" என்று கத்தினார். "எலை தொடைக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? முகூர்த்தம் போவுது, கையைக் கழுவிட்டு வாங்க."

அண்ணன் பொண்டாட்டியோடு கூடப்பிறந்தவர் தம்பிக்கும் மச்சான்தானே. முறையெல்லாம் சரிதான். ஆனால் அந்த வார்த்தை அவர் வாயில் அதுவரை வந்ததே இல்லை. அண்ணன் கையைக் கழுவினார், வேட்டியில் துடைத்தார், மறுபடி கழுவினார். அப்புறம் நடந்தார், பட்டாளத்து நடை. பவித்ரா தலையைக் குனிந்தாள். அவர் பட்டம் கட்டினார். இரண்டு தடவை கட்டியும் முடிச்சு விழவில்லை. சின்னசாமிதான் பின்னாலிருந்து நூலைப் பிடித்துக்கொடுத்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இதோடு கதை முடிந்தது என்று நிம்மதியாகப் படுத்திருக்கலாம். படுக்க முடியவில்லை. சம்பந்தி முன்னால் மானம் போகக்கூடாது என்பதற்காகத்தான் சின்னசாமி அப்படிக் கூப்பிட்டாரா? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறாரா? அண்ணன் கிளம்பினபோது அவர் வந்து வழியனுப்பவில்லை. அதன்பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. தர்மபுரி வரைக்கும் பைக்கில் போனதாகச் சொன்னார்கள். எதற்குப் போனார்? கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் போனோ வாயே திறக்கவில்லை.

இதுவரை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். இப்போது சின்னசாமி வந்துவிட்டுப் போனார். பந்தல் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மச்சான் போய்ச் சேந்துட்டாராமா, அண்ணி?"

பந்தலில் நாலு பேர் இருந்தார்கள். இப்போது நானும் அவரும் மட்டும்தான். அப்படியும் மச்சான் என்றுதான் கேட்டார்.

"இன்னும் போன் வரல, தம்பி."

அவர் கயிற்றை இறக்கி வைத்தார். கட்டிலில் உட்கார்ந்தார். தன் போனை எடுத்தார். "அவரு நம்பரைச் சொல்லுங்க."

நம்பர் எதற்கு? பேசுவதற்கா, எழுதிப் போடுவதற்கா? அவர் முகத்தைப் பார்த்தேன். உங்கள் மூக்கு, உங்கள் காது. எனக்கும் உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவில் இத்தனை வருசம் பூட்டி வைத்திருந்ததை இவர் கையில் கொடுப்பதா? இவரை நம்பாமல்தானே நீங்கள் சொல்லாமலே போனீர்கள். அதுதானே இவருக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

சொன்னேன். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவரும் ஒவ்வொன்றாக அழுத்தினார். காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு பொம்பளை இந்தியில் ஏதோ சொல்வது எனக்கும் கேட்டது.

"அடிக்கல, அண்ணி. மலைமேல டவர் இருக்காது, எங்க அண்ணனே சொல்லியிருக்காரு" என்றார். கயிற்றை எடுத்துத் தோளில் போட்டார். "கவலைப்படாதீங்க. நான் சாயங்காலம் மறுபடி போட்டுப் பாக்கறன்."

என்னிடம் யாரும் கவலைப்படாதே என்று சொல்லி ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. "ஏன், அவருகிட்டப் பந்தல் கயித்துக்குக் கணக்குக் கேக்கவா?" என்றேன். போகிற போக்கில் சிரித்தார். அப்படியே நீங்கள் சிரிக்கிற சிரிப்பு.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அண்ணன் உடுப்பைக் கழற்றி மடித்து வைக்கிற நாள்வரை அது எனக்குள் இருக்கும். ஆனால் இப்போது காத்திருக்கிற ஆள் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அண்ணன் தன் டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்குகிற அன்று நானே ஸ்டாண்டுக்குப் போவேன். கூடவே உங்கள் தம்பியையும் இழுத்துக்கொண்டு போவேன், அவர் முறைத்தாலும் சரி. நம் வீட்டில் உங்கள் கட்டில் அவருக்குத்தான். யாராவது யார் என்று கேட்டால், இந்த வீட்டு மச்சான் என்று சொல்வேன். கோழி அடித்தால் ஈரலை அவர் தட்டில் வைப்பேன். எடுத்து வைக்க எதிர்த் தட்டு இல்லாமல் அவர் திணறும்போது, அதை எடுத்து நான் சாப்பிட்டுவிடுவேன். எனக்கும் ஈரல் பிடிக்கும் என்று உங்களுக்குக் கடைசிவரைக்கும் தெரியாமலே போய்விட்டதே, மனுசரே.

உங்கள் போனுக்கு சார்ஜ் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி,
உங்கள் மச்சானின் தங்கச்சி